கொட்டியாரக்குடாவைப் பார்த்த கூரை

2024 மார்ச் 3
கப்பலில், இந்து சமுத்திரம்

அன்புத் தங்கச்சி ரிப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காக்காவுக்குச் சுகத்தில் குறையில்லை. எஞ்சின் அறைச் சூடு மட்டும்தான் ஆளை வாட்டுகிறது. உம்மாவுக்குச் சீனி எப்படி? மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டு "போட்டுட்டன்" என்று இன்னும் சொல்கிறாவா?

இந்தக் கப்பலின் மின்னஞ்சலில் எழுத்து மட்டும்தான் போகும், வரும். படம் வைத்தால் வழியிலேயே கழன்றுவிடும். ஆகவே பழைய ஆட்கள் மாதிரிக் கடிதம்தான் நமக்கு. நீ நன்றாக எழுதுவாய். எனக்கு வெல்டிங் பிடித்துப் பழகிய விரல், நாலு வரி தட்டுவதற்குள் பிளேன்டித் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

மூதூரில் உன் வீட்டு வேலை தொடங்கியதாக உம்மா சொன்னா. நான் சொன்னதை மறந்துவிடாதே: இரண்டு மாடி, கூரைக்குத் தட்டையாகக் கொங்கிரீட் பிளேட், முன்னால் நாலு உருண்டைத் தூண், மேலே கண்ணாடி பல்கனி, எல்லாம் ரோட்டைப் பார்த்து. நீ நிரோஜினி மிஸ்ஸின் கந்தோரில் வீட்டுப் படம் கீறுகிற பிள்ளை, வேறு ஆள் தேடத் தேவையில்லை.

வாப்பா இல்லாத வீட்டில் தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுப்பது காக்காவின் கடமை. எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு முடிந்தால்தான் டிசம்பரில் உனக்கும் ஜெமீலுக்கும் நிக்காஹ். வாப்பாவின் இடத்தில் வலிகாரராக நின்று உன்னைக் கைப்பிடித்துக் கொடுப்பதும் நான்தான். அதற்குப் பிறகுதான் கிண்ணியாவில் ஷாமிலா வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாகப் போகலாம். மூன்று வருஷமாகக் காத்திருக்கிறா, பாவம்.

பிளேட் போடுகிற நாளை முன்னமே எழுது. அன்றைக்குக் கப்பலில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டும்.

துஆவில் சேர்த்துக்கொள்.
முனாஸ் காக்கா


2024 மார்ச் 19
மூதூர்

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்பு ஒரு கிழமை ஓடிவிட்டது. உம்மா சுகம். மாத்திரையை இப்போது நான் முன்னால் நின்று விழுங்க வைக்கிறேன், அதனால் என்னோடு கோபம். கப்பலில் உங்களுக்கு நோன்புக் கஞ்சி யார் காய்ச்சுகிறார்கள்? பேரீச்சம்பழமாவது கிடைக்கிறதா?

அத்திவாரம் முடிந்தது. நிலமட்டத்தில் இருந்து நாலரை அடி உயர்த்தியிருக்கிறோம். நிரோஜினி மிஸ் அதில் ஓர் அங்குலமும் குறைக்க விடவில்லை. "மிஸ், வீட்டுக்கு ஏற ஏணி வைக்கவா?" என்று மேசன்மார் பகிடி பண்ணினார்கள்.

மரவேலைக்கு வெருகல் பக்கத்தில் இருந்து கந்தப்போடி ஓடாவி வந்திருக்கிறார். வந்த அன்று நூலும் பிடிக்கவில்லை, மட்டமும் வைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கச்சான் காத்து இஞ்சால வந்து, அங்கால போகோணும். அது சரியெண்டா மிச்சம் எல்லாம் சரி" என்றார். அப்படிக் காற்றைக் கேட்டு வேலை தொடங்குகிற ஆளை நான் கண்டதில்லை.

தரைக்கு வழுவழு மாபிள் போடவில்லை. சீமெந்தை இழைத்து மினுக்கப் போகிறோம். வெறுங்காலோடு நடக்க அவ்வளவு சுகமாக இருக்கும்.

நோன்பில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் தங்கச்சி ரிப்கா


2024 ஏப்ரல் 20
தென்னாபிரிக்கக் கரையோரம்

தங்கச்சிக்கு,

பெருநாள் நல்லபடி போயிருக்கும். எனக்கு எஞ்சின் அறைக்குள் போனது. சுகமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். தரை இருக்கிறது, காற்று இருக்கிறது, கடலைப் பார்க்கிற ஓடாவி இருக்கிறார். பிளேட் எங்கே? கொங்கிரீட் வீட்டுக்கு இத்தனை மரவேலை எதற்கு? துறைமுகத்தில் நின்று உம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். வீட்டைப் பற்றிக் கேட்டால் உடனே சுஹைரா மாமியின் முழங்கால் நோவைக் கதைக்கிறா.

மூடி மறைக்காமல் எழுது.
காக்கா


2024 மே 2
மூதூர்

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உம்மாவும் நானும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம்.

காக்கா, பிளேட் இல்லை. மேல்மாடியும் இல்லை.

உங்களுடைய படத்தை நான் கீறாமல் இல்லை, மூன்று தரம் கீறினேன். ஒவ்வொரு தரமும் பக்கத்து வீட்டுச் சுஹைரா மாமிதான் கண்ணில் வந்தா. அவ்வளவு பெரிய மாடிவீட்டை வைத்துக்கொண்டு கச்சான் காலம் முழுக்கக் கிணற்றடி வேம்புக்குக் கீழேதான் அவவின் சீவியம். "உள்ளுக்கு இரிக்க ஏலாது மகள், பாண் சுடுற போறணைதான்" என்பா. உங்கள் உழைப்பில் எனக்கும் ஒரு போறணை வேண்டாம் என்று நினைத்தேன்.

நிரோஜினி மிஸ்ஸிடம் சொன்னேன். அவ படம் கீறச் சொல்லவில்லை, பார்க்கக் கூட்டிக்கொண்டு போனா. மலைநாட்டுப் பக்கம் வழிப்போக்கர் இளைப்பாறுகிற பழைய மண்டபம் ஒன்று. சுவரே இல்லை. கூரை மட்டும் மேலே செங்குத்தாக இறங்கி, பாதியில் மடங்கி, தட்டையாக வெளியே நீளுகிறது. மழை சட்டென்று வழிந்து, அந்த மடிப்பில் எகிறி, ஆளுக்கு எட்டாத தூரத்தில் விழுகிறது. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னே யாரோ ஒருவர் மழையை இப்படித் தூக்கி எறியக் கண்டுபிடித்திருக்கிறார் என்று நினைக்க எனக்கு மயிர் கூச்செறிந்தது.

பிறகு இறக்கக்கண்டியில் கரைவலைக்காரர் தங்குகிற குடிசை, வாடி. நடுப்பகல், மணலில் கால் வைக்க ஏலாது. குனிந்து உள்ளே போனேன். கிடுகுக் கூரை நெஞ்சளவுக்கு இறங்கி நிற்க, இரண்டு முகப்பும் திறந்தபடி. கடலில் இருந்து காற்று நிலத்தோடு நிலமாக நுழைந்து, சூட்டை மேலே தள்ளி, முகட்டால் வெளியே கொண்டுபோகிறது. வலைக்காரர் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. ஐந்து வருஷம் படம் கீறியும் இது எனக்குத் தெரியாமல் இருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

அந்த இரண்டையும் சேர்த்துத்தான் நம்முடைய வீடு. கொங்கிரீட் நிரப்பிய இருபத்தாறு இரும்புக் குழாய்த் தூண். அதன்மேல் பனங்கைமரமும் பீலி ஓடும். அத்திவாரத்தில் இருந்தே இரும்புப் பட்டியால் கூரையை இழுத்துக் கட்டுகிறோம். நடுவில் நாற்பத்தெட்டு அடி மண்டபம், ஓரத்தில் மூன்று அறை. கடல் பக்கம் சுவர் இல்லை, மடித்து ஒதுக்குகிற கதவுகள்.

உங்களிடம் கேட்காமல் செய்தது பிழைதான். கேட்டால் மறுப்பீர்கள் என்று பயந்தேன். ஏசுங்கள், ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ரிப்கா


2024 ஜூன் 9
மூதூர்

மகன் முனாஸுக்கு உம்மா சொல்றது,

இத ரிப்காதான் தட்டுறா. நான் சொல்றத ஒண்டும் மாத்தப்படாது எண்டு சொல்லிப்போட்டுத்தான் சொல்றன். எனக்கு உடம்புக்கு ஒண்டும் இல்ல. உனக்குத்தான் என்ன வந்தது எண்டு தெரியல்ல. ஒரு மாசத்துக்கு மேல ஒரு எழுத்து இல்ல. இவ சோத்தைப் பிசைஞ்சுபோட்டு எழும்பிப் போறா.

ஓம், எனக்கும் முதல்ல விருப்பம் இல்ல. மாடிவீட்டில ஏறி நிண்டு நாலு பேருக்குக் கை காட்டோணும் எண்டு எனக்கும் ஆசைதான். பிறகு என்ட முழங்காலை நினைச்சன், ஆசை போயிட்டு.

கோபம் எண்டா கோபம் எண்டு எழுது. வாயை மூடிக்கொண்டு இரிக்கிறது உன்ட வாப்பாட பழக்கம். அத நீயும் எடுக்காத.

உம்மா


2024 ஜூன் 14
கப்பலில்

உம்மாவுக்கும் ரிப்காவுக்கும்,

ஸலாம். சுகமாக இருக்கிறேன்.

கோபம்தான். அதையும் தாண்டி எனக்கு நெஞ்சு எரிகிறது. ரிப்கா, 2006இல் உனக்கு எட்டு வயது, எனக்குப் பதினாலு. சண்டை வர, மூதூரை விட்டுக் கந்தளாய் அகதி முகாமுக்கு நடந்து போனோம். உனக்கு அந்தக் குடிசையில் விளையாடினதுதான் ஞாபகம் இருக்கும். எனக்கு மழை ஞாபகம். வாடைக்காற்று கிடுகைக் கிளப்ப, தறப்பாளின் ஒரு மூலையை வாப்பாவும் மறு மூலையை நானும் பிடித்துக்கொண்டு நின்றோம், உன்னையும் உம்மாவையும் நடுவில் இருத்திவைத்து. கை மரத்துப் போகும். விட்டால் பறந்துவிடும். அந்த ஈரத்தில் பிடித்த இருமல்தான் அடுத்த வருஷம் வாப்பாவைக் கொண்டுபோனது.

காற்று ஆட்டுகிற எதுவும் இனி உங்கள் தலைக்கு மேலே இருக்கக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். பதினொரு வருஷம் கப்பலில் கிடந்தது அதற்காகத்தான். நீ என் காசில், வாடியைப் பார்த்து ஒரு வீடு கட்டுகிறாய்.

துறைமுகத்தில் நிற்கும்போது ஃபோனுக்குப் படம் அனுப்பாதே, பார்க்க மாட்டேன். டிசம்பரில் வந்து என் கையாலேயே அந்த ஓட்டைக் கழற்றிவிட்டுப் பிளேட் போடுவேன்.

முனாஸ்


2024 ஓகஸ்ட் 2
மூதூர்

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உம்மா சுகம், சீனி குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். நீங்கள் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியாது. நான் உங்களுக்குக் கீழே நல்ல நித்திரையில் இருந்திருக்கிறேன். உம்மாவும் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் நிறுத்தச் சொல்லவில்லை, கழற்றுவேன் என்றுதான் சொன்னீர்கள். அதனால் நிறுத்தவில்லை.

போன கிழமை ஓடு போட்டு முடிந்தது. கச்சான் தலையைப் பிளந்துகொண்டு அடிக்கிற நேரம். கடைசி வரிசை ஓடு விழுந்ததும் கந்தப்போடி ஓடாவி கீழே இறங்கி, "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றார். சுத்தியல் சத்தம் நின்றது. அப்போது வந்தது காக்கா, அந்தக் காற்று. வெளியே முகத்தைச் சுடுகிற அதே காற்று, தாழ்வாரத்துக்குக் கீழே நுழைந்து, முற்றத்து நிழலைத் தடவிக்கொண்டு வரும்போது குளிர்ந்துவிட்டது. மேசன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதையும் பகிடி பண்ணுகிற அந்த ஆட்களில் ஒருவர் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் அப்படியே சாய்ந்துவிட்டார். நிரோஜினி மிஸ் கண்ணைத் துடைத்தா. படம் கீறினது அவவும் நானும்தான், ஆனால் இது எங்களுக்கும் மேலே போய்விட்டது.

சுவருக்கும் கூரைக்கும் இடையில் இரண்டடி வெளி விட்டிருக்கிறோம். பின்னேரம் அசர் தொழுகை நேரம் கடல் வெளிச்சம் அந்த வெளியால் வந்து ஓட்டின் உள்பக்கத்தில் ஆடுகிறது. கூரை எதிலும் படாமல் நிற்பது போல இருக்கிறது. ஒவ்வொரு நாளும் போய் அண்ணாந்து பார்க்கிறேன், இன்னும் நம்ப முடியவில்லை.

கழற்றத்தான் வேண்டும் என்றால் கழற்றுங்கள். ஒரு பகல் உள்ளே இருந்துவிட்டுக் கழற்றுங்கள்.

ரிப்கா


2024 செப்டெம்பர் 15
மூதூர்

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டு எழுதுகிறேன், வலிகாரருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று ஜெமீலின் உம்மாவும் சாச்சிமாரும் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வந்து இருக்கப் போகிற வீடு, அவர்கள் பார்க்காமல் விடுவார்களா? நல்ல நடுப்பகல். வேர்த்து விறுவிறுத்து வந்தவர்களை மண்டபத்தில் பாய் விரித்து இருத்தினோம். குளிர்பானம், பலகாரம் எல்லாம் ஆனது. ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். ஜெமீலின் உம்மா காலை நீட்டி, முந்தானையைத் தளர்த்தி, "மாஷா அல்லாஹ், என்ன சுகமான பந்தல்! ஆர் போட்டது? என்ட மகளுக்கும் இப்படி ஒண்டு போடோணும்" என்று புகழ்ந்து தள்ளினா. கடைசியாக எழும்பி, "சரி, இனி வீட்டைக் காட்டுங்கோ" என்றா.

உம்மா என்னைப் பார்த்தா. நான் உம்மாவைப் பார்த்தேன்.

"இதுதான் மதினி, வீடு" என்றா உம்மா.

புகழ்ந்த வாயை என்ன செய்வது என்று அவவுக்குத் தெரியவில்லை. மேலே பார்த்தா, தூணைத் தட்டிப் பார்த்தா, அறைகளை எட்டிப் பார்த்தா. பிறகு, "மேல்மாடி எண்டுதானே உங்கட மகன் சொன்னது?" என்றா. பிழை சொல்ல ஏலாது, அப்படித்தான் பேச்சு. போகும்போது, "முனாஸ் வரட்டும். வலிகாரர் அவர்தானே. மேல்மாடி எழும்பும் எண்டு அவர் ஒரு வார்த்தை சொன்னா நாள் குறிப்பம். இல்லாட்டி யோசிப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனா. ஜெமீலுக்கு வீடு பிடித்திருக்கிறது, ஆனால் உம்மாவை மீறி நிற்கிற ஆள் இல்லை.

எனக்கு ஜெமீலும் வேண்டும் காக்கா, இந்தக் கூரையும் வேண்டும். இரண்டும் இப்போது உங்கள் வாயில்தான் இருக்கிறது.

ரிப்கா


2024 ஒக்டோபர் 3
கப்பலில்

ரிப்காவுக்கு,

ஸலாம். சுகம். கப்பல் அவுஸ்திரேலியாவில் கோதுமை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கே வருகிறது. நவம்பர் கடைசியில் கொட்டியாரக்குடாவில் நங்கூரம் போடும். அங்கேயே நான் இறங்குகிறேன். ஜெமீலின் உம்மாவுக்கு வார்த்தையை நேரில் சொல்கிறேன். என்ன வார்த்தை என்று இப்போது கேட்காதே.

முனாஸ்


2024 நவம்பர் 28
மூதூர்

காக்கா,

ஸலாம். நாங்கள் எல்லோரும் பத்திரம். கரண்ட் இல்லை, ஃபோனில் கொஞ்சம்தான் சார்ஜ் இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. ஆற்றோரப் பக்கம் முழுக்கத் தண்ணீர். முந்தாநாள் விடிய இரண்டு குடும்பம் படியில் வந்து நின்றது. உம்மா கூப்பிட்டு உள்ளே எடுத்தா. இப்போது எண்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். தண்ணீர் மூன்றாவது படிவரை வந்து நிற்கிறது, நாலரை அடியில் இன்னும் இரண்டடி மிச்சம். சுஹைரா மாமியின் கீழ்த்தட்டுக்குள் தண்ணீர். மேலே ஏற முழங்கால் விடாது, இங்கே கூட்டி வந்துவிட்டோம். ஜெமீல் வள்ளத்தில் ஆட்களையும் அரிசியையும் ஏற்றி இறக்குகிறார். அவருடைய உம்மாவும் வந்து குசினியில் சோறு ஆக்கிக்கொண்டு நிற்கிறா. மேல்மாடி பற்றி மூச்சு விடவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஒரு தரம் மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்கட காக்கா வரட்டும்" என்றா.

உள்ளே ஒரு சொட்டு விழவில்லை காக்கா. எண்பத்து மூன்று பேரும் காய்ந்த தரையில் இருக்கிறார்கள்.

சார்ஜ் முடிகிறது. கடலில் கவனம்.
ரிப்கா


2024 நவம்பர் 30
கொட்டியாரக்குடா, நங்கூரத்தில்

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுக் காலையில் வந்து சேர்ந்தோம். இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது. ஃபோன் கோல் எடுக்கலாம், எடுத்தால் கதைக்க மாட்டேன், அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

மேல்தட்டில் நின்று இரண்டாம் ஒஃபிசரின் தொலைநோக்கியை வாங்கி மூதூர்க் கரையைப் பார்த்தேன். மழையில் எல்லா வீடும் ஒரே சாம்பல் பெட்டியாக இருந்தது. எது நம்முடையது என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. தேடவும் தேவைப்படவில்லை. அந்தக் கரையில் கூரை என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது.

நான் ஃபிட்டர். ஒரு பொருளைப் பார்த்தால் அது எங்கே பிய்யும் என்றுதான் என் கண் முதலில் போகும். கப்பலின் காற்றுமானி நாற்பத்தொரு நொட்ஸ் வேகம் காட்டியது. தென்னைகள் தலையைத் தரையில் முட்டுகிற மாதிரி வளைந்தன. யாருடையதோ ஒரு தகரம் பறந்து கடலில் விழுந்ததைக் கண்டேன். உன் கூரையில் எந்த மூலை முதலில் கிளம்பும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையிரண்டும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். ஓர் ஓடு அசையவில்லை. மழை மேலே விழுந்து, நீ எழுதின மாதிரியே அந்த மடிப்பில் எகிறி, வெள்ளைத் திரையாகத் தூரத்தில் கொட்டியது. அந்தத் திரைக்குப் பின்னால் குசினிப் புகை எழும்பியது. ஆட்கள் புள்ளி புள்ளியாக நடந்து திரிந்தார்கள். யாரும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

சுப்ஹானல்லாஹ், ரிப்கா. உலகத்தில் எத்தனை துறைமுகம் பார்த்திருக்கிறேன், எத்தனை கட்டிடம் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்து இப்படி இரண்டு மணித்தியாலம் நின்றதில்லை. பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரர் "அது என்ன?" என்று கேட்டார். "என் தங்கச்சி கட்டின வீடு" என்றேன். நான் கட்டியது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜெமீலின் உம்மாவுக்கு வலிகாரரின் வார்த்தை இது, நீயே வாசித்துக் காட்டு: மேல்மாடி எழும்பாது. வேறொரு வீடும் எழும்பாது. இந்தக் கூரைக்குக் கீழே எண்பத்து மூன்று பேருக்குச் சோறு ஆக்கினவ, தன் மகனுக்கு இது போதாது என்று சொல்வாவா என்று நான் நேரில் வந்து கேட்பேன். நீ அழாதே. அவ சொல்ல மாட்டா.

நாளைக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு ஏஜென்டின் படகு என்னைக் கரையில் இறக்கும். இறங்குதுறைக்கு யாரும் வர வேண்டாம், வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். காக்கா வருகிறான் என்று அறையை ஒழித்து வைக்காதே, அந்த ஆட்களில் ஒருவரையும் எழுப்பாதே. மண்டபத்தில் அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு வை.

முனாஸ் காக்கா